நிலத்தைப் பார்க்கிற கண்ணால் உங்களையும் பாருங்கள்: விவசாயிகளுக்கான உடல், மன நல வழிகாட்டி

அப்பாவுக்கு வீட்டில் படுத்தபடியே மோட்டார் சத்தம் மாறுவது தெரிந்துவிடும். "பேரிங் போகப் போகுது" என்று இருட்டிலேயே டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதே மனிதர் தன் காதுக்குள் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த இரைச்சலைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தற்செயலாகத் தெரியவந்து கேட்டபோது, "எல்லாருக்கும் இருக்கும்ல?" என்றார்.

அவரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். விவசாயியிடம் போய் "உடம்பைப் பார்த்துக்குங்க" என்றால் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த அறிவுரைகள் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்காக எழுதப்பட்டவை. நாற்று காய்ந்துகொண்டிருக்கும்போது வார இறுதி ஓய்வைப் பற்றிப் பேசினால் யார் காதில் ஏறும்?

அதனால் இங்கே சொல்வதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைகளோடு சேர்த்துக் கட்டிவிடக்கூடியவை. தண்ணீர் பாய்ச்சிய நாளையும் உரம் வைத்த நாளையும் எந்த நோட்டில் எழுதுகிறீர்களோ, அதே நோட்டில் இவற்றையும் எழுதுங்கள். உங்களைக் கவனித்துக்கொள்வதும் விவசாய வேலைதான். நேரம் கிடைத்தால் பார்க்கலாம் என்று விட்டால் அது ஒருநாளும் நடக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு படி போதும். மருந்தடிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்றால் நேராக நான்காம் படிக்குப் போங்கள். மனசு சரியில்லை என்றால் முதலில் ஏழாம் படியைப் படியுங்கள்.

முதல் படி: ஏழு நாள் குறிப்பு

மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போடக்கூடாது என்று நாமே சொல்வோம். உடம்புக்கும் அதேதான். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், தினமும் இரவு நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். எங்கே வலித்தது, எந்த வேலைக்குப் பிறகு வலித்தது. மதியத்தில் சிறுநீர் என்ன நிறத்தில் இருந்தது. இன்று யாரிடமாவது வேலையைத் தவிர வேறு ஏதாவது பேசினீர்களா.

நான்காவது கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். எழுதிப் பாருங்கள். ஏழு நாளில் ஐந்து நாள் "இல்லை" என்று வந்தால் அது ஒரு தகவல்.

அந்த வாரத்திலேயே ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, எண்களை அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். "வயலில் வேலை செய்கிறவனுக்கு சர்க்கரை வராது" என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. வரும். உழைப்பு அதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். இரண்டுமே ஆரம்பத்தில் எந்த வலியும் கொடுக்காதவை என்பதால் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் படி: வெயிலும் தண்ணீரும்

இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல் இருக்கும். ஆனால் வெயிலில் சரிந்து விழுகிறவர்களில் பலர் அனுபவசாலிகள்தான்.

தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். தாகம் தெரியும்போதே உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். கடும் வெயிலில் வேலை செய்யும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட இது எவ்வளவோ மேல். அதே சமயம் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும்.

கடிகாரம் பார்த்துக் குடிக்க முடியாதா? கடிகாரத்தை விடுங்கள், பாத்தியைக் கணக்கு வையுங்கள். இரண்டு வரிசை களை எடுத்து முடித்தால் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தை நிழலுக்காக வயலின் ஒரு மூலையில் வைத்துவிட்டு மறுமூலையில் வேலை செய்தால் யாரும் நடந்து வந்து குடிக்க மாட்டார்கள். குடம் உங்கள் கூடவே நகர வேண்டும். வியர்வை ஆறாகக் கொட்டும் நாளில் வேளை தவறாமல் சாப்பிடுங்கள், இழந்த உப்பு அதில் திரும்பிவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்துகொண்டால் உப்புக் கரைசல் வேண்டும்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு இந்த அளவைத் தாண்டக்கூடாது.

பெண்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வயலில் ஒதுங்க மறைவிடம் இல்லை என்பதற்காகக் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் ஏராளம். அடக்கி அடக்கி வைப்பதில் சிறுநீர்த் தொற்று வருகிறது, வெயிலின் தாக்கமும் இரட்டிப்பாகிறது. கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் நான்கு கம்பு நட்டு ஒரு படுதாவைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்வதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். காய்ச்சலில் படுத்து எழுந்தவரும், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வயலில் இறங்குகிறவரும், பருவத்தின் முதல் கடும் வெயிலைச் சந்திக்கிறவரும் புதியவர்கள்தான். திறந்தவெளியில் வெப்பத்தால் நேரும் தொழிலாளர் மரணங்களில் பாதிக்கு மேல் வேலையின் முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. வெயில் வேலைக்கே புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டுவது என்பதுதான் அங்கே சொல்லும் கணக்கு.

சிறுநீரகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகராகுவா பகுதிகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாதவர்கள், சிறுநீரகம் செயலிழந்து இறப்பது 2000-களின் தொடக்கத்திலிருந்து மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. காரணம் முழுதாக முடிவாகவில்லை என்றாலும், கொளுத்தும் வெயிலில் இடைவிடாத கடும் உழைப்பு முதலிடத்தில் நிற்கிறது. தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் முறையாகக் கொடுத்த தோட்டங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். உடம்பு வலிக்கிறது என்று வேலைக்குப் போகும் முன்பே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும்.

கூட வேலை செய்கிறவர் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால் அது வெறும் களைப்பு அல்ல, வெப்ப அதிர்ச்சியாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வண்டி வரும்வரை காத்திருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று, கனமான உடையைக் கழற்றி, உடம்பு முழுதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த துணி வையுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

மூன்றாம் படி: முதுகு

கலிபோர்னியாவில் ஒரு காலத்தில் களை கொத்தக் குட்டைக் காம்புள்ள கொத்தைத்தான் கொடுப்பார்கள். நாள் முழுக்க இடுப்பை மடித்தே நிற்க வேண்டும். ஆள் நிமிர்ந்தால் வேலை நிற்கிறது என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அந்த வயல்களில் வேலை செய்து முதுகு போனவர்களில் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸும் ஒருவர். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975-ல் அந்தக் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. நீளக் காம்பு வந்தபின்னும் விவசாயம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் மண்வெட்டி, கொத்து, அரிவாள் எல்லாவற்றையும் ஒருநாள் வரிசையாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள். காம்பு யார் உயரத்துக்குப் போட்டது? அப்பா காலத்து மண்வெட்டியைக் குட்டையானவரும் நெட்டையானவரும் மாற்றி மாற்றிப் பிடிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. காம்பு மாற்ற ஆகும் செலவு, இடுப்பு வலிக்கு ஒருமுறை வைத்தியம் பார்க்கும் செலவில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

தூக்குவதைப் பற்றி ஒரு அளவு தெரிந்திருப்பது நல்லது. எல்லாம் சாதகமாக அமைந்தால், அதாவது பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல், நல்ல பிடியோடு இருந்தால், ஒருவர் தூக்கத்தக்க எடைக்கு அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பு 23 கிலோ. தரையில் கிடக்கும் 50 கிலோ மூட்டை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். "நான் இருபது வருஷமாகத் தூக்குறேன்" என்பது உண்மைதான். முதுகெலும்புத் தட்டுகளுக்கு அந்த இருபது வருடமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூட்டையைப் பாதியாகக் கட்டுங்கள், அல்லது இருவராகப் பிடியுங்கள். தள்ளுவண்டி ஓடும் இடத்தில் தலைச்சுமை வேண்டாம். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் முழங்கால் உயர மேடையில் அடுக்கினால் குனிகிற தூரம் பாதியாகும். தூக்கும்போது இடுப்பைத் திருப்பாதீர்கள், கால்களை நகர்த்தித் திரும்புங்கள். ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்யாமல் குனியும் வேலை ஒரு மணி நேரம், நிமிர்ந்த வேலை ஒரு மணி நேரம் என்று மாற்றினால் வேலை குறையாது, வலி குறையும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் மெதுவாக ஐந்து முறை வளையுங்கள். கால் மரத்துப்போவது, கால் தொங்கிப்போவது, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போவது ஆகியவை வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நான்காம் படி: மருந்தடிக்கும் நாள்

அப்பா மருந்தடித்துவிட்டு வந்தால் சட்டையின் முதுகுப்பக்கம், தெளிப்பான் உட்காரும் இடத்தில், ஒரு கை அகலத்துக்கு நனைந்திருக்கும். வியர்வை என்றுதான் நினைத்தோம். பல வருடம் கழித்து, தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பதைப் பார்த்தபோதுதான் அது வியர்வை மட்டும் அல்ல என்று புரிந்தது. கைவிரலால் தொட்டால் தட்டுப்படுகிற சின்ன வெடிப்பு. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் தளும்பித் தளும்பிக் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் இறங்கியிருக்கிறது.

மருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும் என்று நினைத்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம். வயலில் அது பெரும்பாலும் போவது தோல் வழியாக. 1971-ல் வெளியான ஆய்வு ஒன்றில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதத் தோலின் பல இடங்களில் தடவிப் பார்த்தார்கள். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றியும் தலைத்தோலும் ஏறக்குறைய நான்கு மடங்கு உறிஞ்சின. விதைப்பையின் தோல் 11 மடங்குக்கும் மேல். மருந்துக் கையோடு வியர்வையைத் துடைப்பதும், கை கழுவாமல் சிறுநீர் கழிக்கப் போவதும் எவ்வளவு பெரிய தவறு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அதனால் மருந்தடிக்கும் நாளின் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள், தெளிப்பானில் வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிப் பத்து நிமிடம் நடங்கள். சட்டை நனைகிறதா, கைப்பிடியில் கசிகிறதா, குழாய் இணைப்பில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கசிந்தால் வளையத்தை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை. டப்பாவின் லேபிளையும் அன்றைக்கே படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்: எவ்வளவு அளவு, மருந்தடித்தபின் எத்தனை நாள் வயலில் இறங்கக்கூடாது, எத்தனை நாள் அறுவடை செய்யக்கூடாது.

அன்று காலை, வயிறு காலியாகப் போகாதீர்கள். வெயில் ஏறுமுன் முடியும்படி தொடங்குங்கள். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், நைட்ரைல் கையுறை, கண்ணாடி. பேன்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கும். தோல் கையுறையும் துணிக் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவை இருப்பதைவிட இல்லாததே மேல். மூக்கில் கட்டும் துண்டு ஆவியைத் தடுக்காது. லேபிளில் சுவாசக் கவசம் போடச் சொல்லியிருந்தால் அதற்குரிய வடிகட்டி உள்ள முகக்கவசம்தான் வேண்டும்.

கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, ஏனென்றால் அப்போது கையில் இருப்பது நீர்க்காத மருந்து. எவ்வளவு அவசரமானாலும் கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். கையை விட்டுக் கலக்காதீர்கள், குச்சி வைத்துக்கொள்ளுங்கள். காற்று உங்கள் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருந்து அடிக்கும்படி நின்று, மருந்து பட்ட வரிசைக்குள் நடக்காமல் விலகி விலகி வாருங்கள். நாசில் அடைத்துக்கொண்டால் வாய் வைத்து ஊதக்கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தெளிப்பானிலேயே தொங்கவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் ஊதுகிற பழக்கம் தானாகவே நின்றுவிடும்.

முடிந்தபின், கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடு சேர்த்துச் சோப்பு போட்டுக் கழுவி, அப்புறம் கழற்றிக் கையைக் கழுவுங்கள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் குளியல். சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் துவையுங்கள். அதைத் துவைக்கிறவருக்கும் கையுறை வேண்டும். கணவன் மருந்தடித்த சட்டையை வெறுங்கையால் கசக்கிப் பிழிகிற மனைவிக்கும் மருந்து ஏறுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பிள்ளைகளும் இந்த வேலையின் பக்கமே வரக்கூடாது.

தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் அது வெயிலா மருந்தா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஒரு வித்தியாசம் உதவும். வெயிலில் வாடியவருக்கு வாய் வறண்டு, கண்ணீர் வற்றி இருக்கும். நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து ஏறியவருக்கு எச்சில் ஊறும், கண்ணீரும் சளியும் ஒழுகும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், தசை துடிக்கும். சந்தேகம் இருந்தாலே வேலையை நிறுத்தி, உடையைக் கழற்றி, சோப்பும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, மருந்து டப்பாவை அல்லது லேபிளைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

இந்த வகை மருந்துகள் உடம்பில் நரம்புகள் சரியாக வேலை செய்யத் தேவையான கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அது பழைய அளவுக்கு மீள வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும், பருவத்தின் கடைசியில் வழக்கமான அளவு மருந்தே திடீரென்று ஆளைச் சாய்ப்பது இதனால்தான். அடிக்கடி மருந்தடிப்பவர் பருவம் தொடங்குமுன் ஒருமுறை ரத்தத்தில் இந்த நொதி அளவைப் பார்த்து வைத்தால், பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.

ஐந்தாம் படி: கண், காது, மூச்சு, பாதம்

கண்ணில் கதிரோ உமியோ தூசியோ பட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், கசக்காதீர்கள், எந்தச் சாற்றையும் பிழியாதீர்கள். பயிர்ப்பொருள் கீறிய கருவிழியில் பூஞ்சை புகுந்து புண்ணாகும். அதற்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டுமருந்து பார்வையையே பறித்துவிடும். சிவப்பும் வலியும் மறுநாளும் இருந்தால் கண் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்றால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது. அந்த அளவில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 94-ல் ஒரே ஒரு மணி நேரம். கூண்டு இல்லாத டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், மரம் அறுக்கும் மெஷின் எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. காதடைப்பான்களை டிராக்டர் சாவியோடு கோத்துவையுங்கள். அப்பாவுக்கு அதை யாராவது முப்பது வருடத்துக்கு முன் செய்திருக்கலாம் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

பூஞ்சை பிடித்த வைக்கோலையோ தானியத்தையோ கிளறிய அன்று மாலை காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்து, இரண்டு நாளில் சரியாகி, மறுபடி அதே வேலைக்குப் பிறகு வந்தால் அது சளிக்காய்ச்சல் அல்ல. நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வருவதால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. தொடர்ந்தால் நுரையீரல் நிரந்தரமாக இறுகிவிடும். தானியம் சலிப்பவர்களின் மூச்சுத்தொல்லையை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1713-லேயே எழுதிவைத்திருக்கிறார், அவ்வளவு பழைய நோய். என்95 முகக்கவசம் போடுங்கள், கிளறுமுன் லேசாக ஈரம் தெளியுங்கள், மருத்துவரிடம் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாக எலிக்காய்ச்சல் வரும்: கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. டெட்டனஸ் ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை, தேதியை நோட்டில் எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: தூக்கம்

தூக்கம் கெட்டவர் கையில் இயந்திரம் இருப்பது ஆபத்து. இரவில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாட்கள் தவிர்க்க முடியாதவைதான். அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் மருந்தடிப்பு, டிராக்டர், அறுக்கும் இயந்திரம் மூன்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியம் வெயில் உச்சியில் இருக்கும்போது எப்படியும் வேலை ஓடாது, அப்போது அரை மணி நேரம் படுத்து எழுங்கள். அறுவடைக் காலத்தில் முறை வைத்துத் தூங்குவதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். தூக்கத்துக்காகக் குடிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று: மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். குடித்தும் தூங்காத உடம்போடுதான் காலையில் எழுகிறீர்கள்.

ஏழாம் படி: மனம்

மழை நம் கையில் இல்லை, விலை நம் கையில் இல்லை, ஆனால் நஷ்டம் மட்டும் நம் பெயரில் வருகிறது. இப்படியொரு தொழிலில் மனம் தளர்வது பலவீனம் அல்ல. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

கவலை தலைக்குள் சுற்றும்போது அதற்கு அளவே இருக்காது. காகிதத்தில் இறக்கினால் அளவு தெரியும். நோட்டின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும், வட்டி என்ன என்று ஒரு பக்கம். இந்த வாரம் நான் செய்யக்கூடியது என்ன என்று மறுபக்கம். யாரிடம் தவணை கேட்பது, எந்த அலுவலகத்தில் நிவாரணம் கேட்டு எழுதிக்கொடுப்பது, எந்தச் செலவைத் தள்ளிப்போடுவது. மழை வருமா என்பது எந்தப் பக்கத்திலும் வராது, விட்டுவிடுங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடனை மனைவியிடம் மறைத்துத் தனியே சுமப்பதுதான் பலரை உடைக்கிறது. சொன்ன அன்று வீட்டில் சண்டை வரலாம். சொல்லாமல் விட்டதால் வந்ததைவிட அது சிறியது.

சில அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போவது. விடியுமுன் விழித்துக்கொண்டு திரும்பத் தூங்க முடியாமல் கிடப்பது. சாப்பாடு பிடிக்காமல் போவது. வழக்கமாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் மாட்டைக் கவனிக்காமல், மடையை அடைக்காமல் விடுவது. எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன் என்ற பேச்சு. இவை மனச்சோர்வின் அறிகுறிகள். அது வைத்தியத்துக்குக் கட்டுப்படும் நோய்தான், ரத்த அழுத்தத்தைப்போல. முதலில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே சொல்லலாம்: "தூக்கம் வரல, எதுலயும் மனசு ஒட்டல" என்றால் போதும், அவருக்குப் புரியும்.

உங்கள் பக்கத்து வயல்காரரிடம் இவை தெரிந்தால் நேராகவே கேளுங்கள். "வாழ்க்கையை முடிச்சுக்கணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. கேட்டதும் பாரம் இறங்கியதுபோல் பலர் பேசத் தொடங்குவார்கள். ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டுவராதீர்கள். புத்திமதி சொல்லாதீர்கள், கேட்டுக்கொண்டிருங்கள், உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கொடிய நேரம் கடந்துபோகக்கூடியது, அது கடக்கும்வரை மருந்து கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தங்கும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைத் தொடர்ந்து தடை செய்ததில் 1995-க்கும் 2015-க்கும் இடையே தற்கொலைகள் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதைப் படிக்கிற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், மற்ற படிகளை விடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம், இன்றைக்கே, ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "என்னால தனியா சமாளிக்க முடியல, கொஞ்சம் கூட இரு." நீங்கள் யாருக்கும் பாரம் இல்லை.

எட்டாம் படி: கொட்டகைக் கதவு

கடைசியாக ஒரு மணி நேர வேலை. ஓர் அட்டையை எடுத்துத் தடித்த பேனாவால் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் எண், பாம்புக்கடி மருந்து இருக்கும் பக்கத்து மருத்துவமனையின் எண், உங்கள் நாட்டின் விஷமுறிவு ஆலோசனை எண், மனநல உதவி எண், போன் அடித்தால் ஓடிவரக்கூடிய இரண்டு பேரின் எண். அதற்குக் கீழே, வயலுக்கு வண்டி எந்த வழியாக வர வேண்டும் என்பதை வெளியூர் ஓட்டுநருக்குச் சொல்வதுபோல் இரண்டு வரி. பதற்றத்தில் சொந்த வயலுக்கு வழி சொல்லத் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு பாம்புக்கடிக்கு நான்கு வரி: ஆளை அசைக்காதே, கடித்த கை காலை மரச்சட்டம் வைத்து அசையாமல் கட்டு. மோதிரம், கொலுசு கழற்று. இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே. நேராக மருத்துவமனை.

மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டார் கொட்டகைக் கதவின் உட்பக்கம் ஆணி அடித்து மாட்டுங்கள். அதே ஆணியில் காதடைப்பானும் கையுறையும் தொங்கட்டும். தனியாக வயலுக்குப் போகும் நாளில் எந்த வயல், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டி அரை மணி ஆனால் யார் தேடி வருவது என்பதையும் இன்றிரவே பேசி வைத்துவிடுங்கள்.